டொமைன் பதுக்கல்: புகார் எழுதும் முன் தேதியைப் பாருங்கள்

உங்கள் டிரேட்மார்க்கில் ஓர் எழுத்தை மாற்றி யாரோ டொமைன் (இணையதள முகவரி) பதிந்திருக்கிறார் என்று தெரிந்ததும், கோபத்தில் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். எச்சரிக்கை போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் காணாமல் போகலாம். அதோடு சாட்சியமும் போய்விடும். முதலில் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பர இணைப்புகள் இருந்தால் அவை எங்கே போகின்றன என்பதையும் சேர்த்து எடுங்கள். பிறகு, இணையத்தின் முகவரிப் புத்தகம் போன்ற டிஎன்எஸ்-இல், அந்த டொமைனுக்கு வரும் மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் காலியாக இருந்தாலும், அந்தப் பெயரில் மின்னஞ்சல் நடத்த ஏற்பாடு ஆகியிருந்தால் அதையும் கட்டாயம் குறித்துவையுங்கள்.

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் 1999-இல் ஏற்ற யூடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு விதிகள்தான் வழக்கமான வழி. மூன்றை நிரூபிக்க வேண்டும்: டொமைன் உங்கள் டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து, தீய நோக்கத்தோடு பயன்படுத்துகிறார். ஒன்று தவறினாலும் புகார் தோற்கும்.

முதலாவது பெரும்பாலும் எளிது. சிக்கல் மூன்றாவதில்தான். பதிந்ததும் பயன்படுத்துவதும் இரண்டுமே தீய நோக்கமாக இருக்க வேண்டும். 2009-இல் பதிந்த டொமைன்மீது 2015-இல் பிறந்த டிரேட்மார்க்கை வைத்துப் புகார் செய்தால், பொதுவாக அங்கேயே முடிந்துவிடும். இல்லாத பெயரை யாரும் குறிவைத்திருக்க முடியாதல்லவா? ஆனால் டொமைனின் பதிவு விவரங்களைத் தரும் ஆர்டிஏபி தேடல் காட்டும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். இப்போதைய உரிமையாளர் இடையில் வாங்கியிருந்தால், அவர் கைக்கு வந்த நாளே கணக்கு. நேம்சர்வர் (அந்த டொமைனின் டிஎன்எஸ் தகவலைத் தரும் கணினி) மாறிய காலம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தின் தோற்றம் மாறிய காலம் இரண்டும் அந்த நாளுக்குத் துப்புக் கொடுக்கும். அதே ஆள் வெறுமனே புதுப்பித்தது மட்டும் புதுப் பதிவாக எண்ணப்படாது.

பெரிய விலை சொன்னார் என்பது மட்டுமே குற்றமில்லை. அகராதிச் சொல்லை வைத்திருப்பவர் எந்த விலையும் கேட்கலாம். உங்கள் டிரேட்மார்க்கைக் குறிவைத்து, உங்களுக்கோ உங்கள் போட்டியாளருக்கோ தன் செலவைவிட அதிகமாக விற்கவே பதிந்தார் என்று காட்ட வேண்டும். பக்கமே இல்லாத டொமைனும் தப்பிவிடாது: 2000-இல் டெல்ஸ்ட்ரா என்ற ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனம் தொடுத்த யூடிஆர்பி வழக்கில், சும்மா வைத்திருப்பதும் தீய பயன்பாடாகலாம் என்று தீர்ப்பானது. அங்கே டிரேட்மார்க் பரவலாக அறியப்பட்டது. பதிந்தவரோ தன் அடையாளத்தை மறைத்திருந்தார். சின்னப் பெயர்களுக்கு இந்த வாதம் எளிதில் எடுபடாது.

இந்தப் புகார்களை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரே நடுவரிடம் 5 டொமைன்கள் வரை கட்டணம் 1,500 டாலர். மூவர் குழு என்றால் 4,000. புகாருக்கு 5,000 சொல் வரம்பு. எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க 20 நாள். நடுவர் அமர்ந்தபின் தீர்ப்புக்கு 14 நாள். நஷ்டஈடு கிடையாது, டொமைனை மாற்றித்தருவார்கள் அல்லது ரத்து செய்வார்கள். டாட் இன் போல நாட்டைக் குறிக்கும் பின்னொட்டு கொண்ட டொமைன்கள் பலவற்றுக்குத் தனி விதிகள் உண்டு; சிலவற்றில் பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்றில் தீய நோக்கம் இருந்தாலே போதும்.

தோற்பது தெரிந்தே புகார் செய்தால், டொமைனைப் பறிக்கப் பார்த்தார் என்று நடுவர் தீர்ப்பிலேயே எழுதலாம். நேர்மையாகப் பதிந்த சிறியவர்களுக்கு இது மிகவும் தேவையான காவல். வென்றாலும் 10 வேலைநாள் பொறுக்க வேண்டும்: அதற்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஆவணம் காட்டினால், ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) டொமைனை மாற்றாமல் நிறுத்திவைப்பார்.