பிச்சாவரம்: ஓதம் எட்டும் வரைதான் காடு

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம் படகுத்துறை வரும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள இந்த அலையாத்திக் காட்டுக்கு 2022-ல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. ஓதம் (கடலிலிருந்து ஏறி இறங்கும் நீர்) வற்றும் நேரம் பார்த்து, துடுப்புப் படகில் போங்கள். நீர் ஏறியிருந்தால் வேரும் சேறும் தெரியாது. இந்தக் காட்டைப் புரிந்துகொள்ள அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடைக்கரையில் ஊன்றுகால் விட்டு நிற்பது சுரபுன்னை. தினமும் இருவேளை ஓதம் நனைக்கும் அந்த ஒடுங்கிய பட்டை மட்டும்தான் அதற்குச் சொந்தம். அதன் வேர் உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வடிகட்டிவிடும். சற்று மேடேறினால் வெண்கண்டல். இது உப்பை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றும்; வெயில் நாளில் இலையைத் தடவினால் உப்புத்தூள் விரலில் ஒட்டும். களிமண்ணுக்குள் காற்று இல்லாததால், இதன் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சிகுச்சியாக நிமிர்ந்து நிற்கின்றன. இன்னும் உள்ளே, ஓதம் எப்போதாவது மட்டும் எட்டும் மேட்டில் தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள்.

மரமே இல்லாமல், உப்பு மண்ணைத் தாங்கும் உமரிச்செடி மட்டும் படர்ந்த வெளிகளும் வரும். ஆடுமாடு மேய்ந்தே அழிந்தது என்று பலர் சொல்வார்கள். மேய்ச்சலுக்கும் பங்குண்டு, ஆனால் மூலக் காரணம் மண். முற்காலத்தில் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. நிழல் போனதும் ஈரச் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, நிலம் தாழ்ந்து பள்ளமானது. பெரிய ஓதத்தில் ஏறிய நீர் திரும்ப வழியின்றி அங்கேயே தேங்கி வற்றியது. உப்பு மட்டும் தங்கியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தேங்கி வற்றும் பள்ளத்தில் அது பல மடங்காகும்போது வெண்கண்டல் கன்றுகூடத் தாங்காது.

அதனால் இங்கே கன்று நடுவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்ட வேண்டும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அதைத்தான் செய்தது. ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்கால்; இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் போல. மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் சரிவாக வெட்டுவார்கள், கரை இடியாமல் இருக்க. ஓதம் உள்ளே வந்து போகப்போக உப்பு கழுவப்படும். வடகிழக்குப் பருவமழை அதை விரைவாக்கும். கன்றை வாய்க்கால் சரிவின் நடு உயரத்தில் நட வேண்டும். அடியில் நட்டால் மூழ்கி அழுகும், உச்சியில் நட்டால் காய்ந்துவிடும். தமிழகக் கடலோரத்தில் ஓத ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஒரு சாண் வித்தியாசமே கன்றின் உயிரைத் தீர்மானித்துவிடும்.

என் பார்வையில், வாய்க்கால் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கன்று நடுவது வீண் செலவு. வெட்டியதோடும் வேலை முடியாது. ஒவ்வொரு ஓதமும் வண்டலைக் கொண்டுவந்து வாய்க்காலில் விட்டுப் போகும். முதலில் தூர்வது பெரும்பாலும் கிளை வாய்க்கால்களின் வாய்ப்பகுதி. அங்கே தூர் எடுக்காவிட்டால் பழையபடி நீர் தேங்கும், பின்னாலேயே உமரி வரும்.