கலப்புக் கவரில் வலு எங்கே போகிறது?

பால் கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, மசாலா பாக்கெட் எல்லாம் மறுசுழற்சிக்கு ஒரே பொதியாக வரும். அதை அப்படியே உருக்கினால் கிடைக்கும் குருணை (சிறு பிளாஸ்டிக் மணிகள்) பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வார்த்த பட்டையை மடக்கினால் சடக்கென்று ஒடியும். ஒடிந்த இடம் வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் உருகிய பிறகும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. ஒன்றுக்குள் மற்றது துளித்துளியாக நிற்கும். இழுத்தால் அந்தத் துளியின் ஓரத்தில்தான் விரிசல் விழும்.

வலுவின் பாதி தரம்பிரிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியில் எத்திலீனும் புரொப்பிலீனும் (பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் சுருக்கி இப்படிச் சொல்கிறோம்) மிதக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), நைலான், பிவிசி மூழ்கும். வெவ்வேறு பிளாஸ்டிக் ஏடுகளை ஒட்டிச் செய்த உறைகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. 12 மைக்ரான் பெட்டும் 50 மைக்ரான் எல்டியும் (அடர்த்தி குறைந்த எத்திலீன்) ஒட்டிய உறையின் அடர்த்தி ஏறக்குறைய 1.01; தண்ணீருக்கு 1. காற்றுக் குமிழ் ஒட்டினால் மிதக்கும், நனைந்தால் மூழ்கும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டால் ஒட்டிய குமிழ் கழன்றுவிடும்.

விடாமல் பிடிக்க வேண்டியது பிவிசி. சுருக்கு லேபிளிலும் மாத்திரை அட்டையிலும் வரும். எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்) சூட்டில் அமிலப் புகை விட்டு, உள்ளே சுழலும் ஸ்க்ரூவையும் அதைச் சுற்றிய பேரலையும் அரிக்கும். சந்தேகமான துண்டில் பழுக்கக் காய்ந்த செப்புக் கம்பியைத் தொட்டு, அதைத் தீயில் காட்டினால் பச்சைச் சுவாலை எழும்.

அடுத்த தலைவலி, இரண்டு ஏடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அச்சு மை. எவ்வளவு அலசினாலும் போகாது. நைட்ரோசெல்லுலோஸ் மையென்றால் 200 டிகிரிக்குள்ளேயே சிதைந்து வாயுவாகும். குருணையில் ஓட்டை விழும், பழுப்பேறும், நாறும். எக்ஸ்ட்ரூடரில் வெற்றிடப் பம்ப் வைத்த வென்ட் (வாயு வெளியேறும் துளை) குறைந்தது இரண்டு வேண்டும். வென்ட் வழியே உருகல் பொங்கினால் ஃபீடை (உள்ளே போடும் சரக்கின் அளவை) குறைக்க வேண்டும். பல இடங்களில் வென்டையே அடைத்துவிட்டு உற்பத்தி கூடிவிட்டது என்கிறார்கள்!

ஒன்றில் ஒன்று கரையாத பிளாஸ்டிக்குகளை ஒட்டவைக்கும் பொருள் எடையில் 3 முதல் 5 சதவீதம் போதும். எது என்பதைக் கலவைதான் சொல்லும். நைலான் இருந்தால் மெலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய எத்திலீன். அது நைலானின் அமீன் முனையோடு வினைபுரிந்து இறுகும். பெட்டோடு அது மந்தம். அங்கே கிளைசிடைல் மெத்தாக்ரிலேட் வகைதான் கைகொடுக்கும். எத்திலீன்-புரொப்பிலீன் கலவைக்கு எத்திலீன்-ஆக்டீன் எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்). அதைக் கூட்டிப் போட்டால் அடி தாங்கும், ஆனால் பலகை தொய்யும்.

பெட் 20, 30 சதவீதம் இருக்கும் கலவையைப் பலரும் ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அதுதான் நல்ல சரக்கு. 210 டிகிரியில் ஓட்டினால் பெட் உருகாமல் சில்லுகளாகத் தங்கி வடிகட்டும் மெஷ்ஷை அடைக்கும்; தப்பிய சில்லு விரிசலுக்கு வழி திறக்கும். நன்றாக உலர்த்தி 265 டிகிரியில் ஓட்டினால் அதுவும் உருகி நுண்துளிகளாகும். ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் பெட்டின் சங்கிலி அறும், ஆகவே உலர்த்தலில் அவசரம் ஆகாது. டையிலிருந்து (உருகல் வெளிவரும் துளையிலிருந்து) வரும் இழை குளிர்வதற்குள் இழுவை உருளையின் வேகத்தைக் கூட்டி, 4 மி.மீ. தடிமனை 1.5 மி.மீ. வரை இழுக்க வேண்டும். துளிகள் நீண்டு நுண்ணிழைகளாகும். பிறகு வார்க்கும்போது சூடு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. எத்திலீனும் புரொப்பிலீனும் மட்டும் உருகி, பெட் இழை உள்ளே அப்படியே நின்று வலு தரும். வார்ப்பவர் ஓட்டம் போதவில்லை என்று 260-க்கு ஏற்றினால் இழை மறுபடி துளியாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். 265 டிகிரியில் புரொப்பிலீனும் நொந்துபோகும் என்பதால் 0.2 சதவீதம் ஃபீனாலிக் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலந்தே ஆக வேண்டும்.

இழுத்துப் பார்க்கும் சோதனையின் வலு எண்ணை மட்டும் நம்பாமல், காடி வெட்டிய பட்டையில் அடிச் சோதனையும் பார்க்க வேண்டும். ஒட்டாத கலவை அங்கேதான் மாட்டிக்கொள்ளும். தேறியதைத் தடித்த பலகை, பேலட், வேலிக் கம்பம் என்று வார்க்கலாம். மெல்லிய பைக்கு உதவாது. உணவு படும் எதற்கும், உள்ளே கிடக்கும் மையை நினைத்தால், கூடவே கூடாது.