தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் பொன்னிற மீனும்

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் போயிருந்தோம். நான், என் இரண்டு பெண்கள், மாமியார், மாமியாரின் தங்கை. அவரை நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். கடைக்காரப் பெண் எடுத்துப் போட்ட கடுகு மஞ்சள் பாவாடையைச் சின்னவள் தன்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத்தை அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "இது அக்கா நிறத்துக்குத்தான் எடுக்கும். நீ யாரைக் கொண்டு பிறந்தியோ, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை மாதிரி" என்றார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவள் கன்னத்தை வழித்து முத்தமும் கொடுத்தார்.

செங்காங் திரும்பும் ரயிலில் சின்னவள் என் காதோடு கேட்டாள். "அம்மா, தவிடுன்னா என்ன?"

அவள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். பிறந்ததிலிருந்து வீவக அடுக்குமாடி வீட்டிலேயே வளர்கிற பிள்ளைக்குத் தவிடு எங்கே தெரியும்? நெல்லை அரைக்கும்போது அரிசி மேலிருந்து வருகிற தூள், மாட்டுக்குப் போடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் எதிர்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அப்ப என்னை அதைக் கொடுத்தா வாங்கினீங்க?" என்றாள். கேட்கும்போது அவள் சிரிக்கவில்லை.

மயிலாடுதுறையில் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் அப்பாவும் அம்மாவும் மாநிறம். அக்கா நல்ல நிறம். நான் கறுப்பு. கடலை மாவும் தயிரும் எனக்கு மட்டும்தான் பூசினார்கள். வெயிலில் விளையாடப் போகாதே என்று எனக்கு மட்டும்தான் சொன்னார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் எப்படி இரண்டு நிறமாக இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விடையாகக் கிடைத்ததெல்லாம் தவிடுதான். அதனால்தான் அன்று ரயிலிலேயே முடிவு செய்தேன், இவளுக்குச் சரியான விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று. சொல்ல என்னிடம் விஷயமும் இருந்தது. அது என் வேலையிலேயே இருந்தது.

புவன விஸ்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். 11 வருடம் ஆகிறது. ஸீப்ரா மீன் என்பார்கள், விரல் நீளம்கூட இருக்காது, உடம்பு முழுக்க நீளவாக்கில் கருநீலக் கோடு. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல்வயல் தண்ணீரிலும் வாழ்கிற மீன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை முதலில் விவரித்தார். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. காரணம், இதன் கரு கண்ணாடி மாதிரி. 1 மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டைக்குள் உயிர் உருவாவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். ஒரு நாளில் இதயம் துடிக்கும். இரண்டாம் நாள் கண் கறுக்கும், முதுகில் கறுப்புப் புள்ளிகள் வரும். மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் ஓர் இணை உண்டு என்று 2013-இல் இதன் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தவர்கள் எழுதினார்கள்.

சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுவில் தடுப்பு வைத்து விடுவேன். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முட்டை விழும். அடியில் வலை இருப்பதால் அவை தங்கள் முட்டையைத் தாமே தின்ன முடியாது. தேநீர் வடிகட்டியில் முட்டைகளை அள்ளிக் கழுவித் தட்டில் போட்டு, 28.5 டிகிரிப் பெட்டியில் வைப்பேன். ஆய்வுக்காகக் கருவுக்குள் ஊசி போடுகிறவர்கள் அதற்கு முன்பே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கருவுற்ற முக்கால் மணி நேரத்துக்குள், அது ஒரே ஒரு செல்லாக இருக்கும்போதே போட வேண்டும்.

எங்கள் அறையில் ஒரு வரிசைத் தொட்டிகளில் மட்டும் கோடு வெளிறிப்போன மீன்கள் உண்டு. கருநீலம் இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறம். பொன்னிற மீன் என்றே பெயர். அமெரிக்காவின் ஓரிகனில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற விஞ்ஞானி ஸீப்ரா மீனை ஆய்வுக்கு எடுத்த நாளிலிருந்தே தெரிந்த வகை. அது ஏன் வெளுத்தது என்று 2005-இல்தான் தெரிந்தது. அதே நாட்டின் பென்சில்வேனியாவில் கீத் செங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் பெயர் எஸ்எல்சி24ஏ5.

சின்னவளுக்கு இதை எப்படிச் சொன்னேன் என்றால், அவளுடைய சொல்வதெழுதுதல் ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு. அந்த வாரம் ‘விளக்கு’ என்பதை ‘விலக்கு’ என்று எழுதி மதிப்பெண் இழந்திருந்தாள். ஓர் எழுத்து மாறினால் சொல் வேறாகிவிடுகிறது, இல்லையா? நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்று ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கிறது. அதில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. அம்மாவிடமிருந்து 300 கோடி எழுத்து, அப்பாவிடமிருந்து 300 கோடி எழுத்து. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்துத்தான் செல் புரதத்தைக் கோக்கும். ஒரு புரதத்துக்கான குறிப்பு எழுதியிருக்கிற பகுதிதான் மரபணு.

"அம்மா கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாள்" என்று எழுதினேன். பிறகு ‘போய்ப்’ என்பதற்கு அப்புறம் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். "பால் வரலையே" என்றாள். பொன்னிற மீனுக்கு நடந்தது அதுதான். அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் நடுவிலேயே ‘நிறுத்து’ என்ற சொல் உண்டாகிவிட்டது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. நிறம் தருகிற மெலனின், செல்லுக்குள் சின்னச் சின்ன மணிகளாகச் சேர்ந்திருக்கும். இந்தப் புரதம் இல்லாவிட்டால் அந்த மணிகள் சிறுத்து, எண்ணிக்கையும் குறைந்து, வெளுத்துவிடுகின்றன. அவ்வளவுதான். மற்றபடி அந்த மீனுக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக நீந்துகிறது, தின்கிறது, முட்டையிடுகிறது.

செங் குழுவினர் அடுத்துச் செய்தது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும் விஷயம். மனிதர்களிடம் உள்ள அதே மரபணுவின் செய்தியை, அதாவது அதன் ஆர்என்ஏ நகலை, பொன்னிற மீனின் கருவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். வெளுத்திருக்க வேண்டிய கருவில் கறுப்புப் புள்ளி வந்தது. மனித உடம்புக்கு எழுதிய குறிப்பை மீன் படித்துப் புரிந்துகொண்டது. மீனின் வழியும் மனிதனின் வழியும் பிரிந்து 40 கோடி வருடத்துக்கு மேல் ஆகியும் மொழி மாறவில்லை.

அதே கட்டுரையில் மனிதர்களைப் பற்றிய பகுதிதான் எங்கள் வீட்டுக்கு வேண்டியது. இந்த மரபணு தருகிற புரதத்தில் அமினோ அமிலம் என்கிற 500 துண்டுகள் மாலை மாதிரி கோத்திருக்கும். அதில் 111-ஆம் இடத்தில் மனிதர்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. டிஎன்ஏவில் ஜி இருந்தால் அங்கே அலனின் என்ற அமினோ அமிலம் வரும், ஏ இருந்தால் திரியோனின் என்ற இன்னொன்று வரும். ஐரோப்பியர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏ. ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜி. இரு சாராருக்கும் உள்ள நிற வேறுபாட்டில் 25 முதல் 38 சதவீதத்துக்கு இந்த ஓர் எழுத்தே காரணம் என்று கணக்கிட்டார்கள். மீதிக்கு வேறு பல மரபணுக்கள்.

நம்மவர்கள்? 2013-இல் இந்தியர்களை வைத்துச் செய்த ஆய்வில், அதே ஏ தெற்காசியாவிலும் பரவலாக இருப்பது தெரிந்தது. ஐரோப்பாவில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. தமிழர்களிடம் ஜியும் உண்டு, ஏவும் உண்டு, ஒரே தெருவில், ஒரே வீட்டில். அப்பாவிடம் ஒரு ஜி ஒரு ஏ, அம்மாவிடமும் ஒரு ஜி ஒரு ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மாநிறம். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஏ கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு ஜி கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு, கலந்து கிடைக்க நான்கில் இரண்டு. எங்கள் வீட்டில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அக்காவும் நானும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறக்க இது ஒன்றே போதும், தவிடு வேண்டாம்.

இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை பார்க்கும் சீனத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பால் மாதிரி வெளுப்பு. சீனர்களிடம் பெரும்பாலும் இருப்பது பழைய ஜிதான், ஆப்பிரிக்கர்களிடம் இருக்கிற அதே எழுத்து. அவர்களுடைய வெளுப்பு வேறு மரபணுக்களில் நடந்த வேறு மாற்றங்களால் வந்தது. அதாவது இந்த ஒரு மரபணுவில் மட்டும் பார்த்தால், கறுப்பான நான் ஐரோப்பியர்களின் எழுத்தை வைத்திருக்கலாம், அவள் ஆப்பிரிக்கர்களின் எழுத்தை வைத்திருப்பாள். கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையும் என் கையையும் சேர்த்துப் பார்த்தாள். அவளுடைய பாட்டியும் சின்ன வயதில் அவளை வெயிலில் போகக்கூடாது என்பாராம்.

வெயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி வடக்கில். மதியத்தில் புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் குறியீடு, மிகக் கடுமை எனப்படும் 11-ஐத் தொடுவது இங்கே அதிசயமில்லை. மெலனின் அந்தக் கதிரைத் தடுத்து, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைக் காக்கிற குடை. அந்தக் குடை அடர்த்தியாக இருப்பதைக் குறை என்று ஒரு குழந்தையிடம் சொல்லலாமா?

வீட்டில் இந்தப் பேச்சு ஓடும்போது மாமனார் கேட்டார், "அப்ப அந்த எழுத்தை மாத்திட்டா பிள்ளை சிவப்பாப் பொறக்குமா?" நிறையப் பேர் மனத்தில் இருக்கிற கேள்விதான், அவர் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். மீனில் மாற்றுகிறோம். கிரிஸ்பர் என்கிற முறை, ஜெனிஃபர் டவுட்னாவும் இம்மானுவெல் ஷார்பான்டியேவும் 2020-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். கேஸ்9 என்ற வெட்டும் புரதத்தோடு, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டும் ஆர்என்ஏவைச் சேர்த்துக் கருவுக்குள் செலுத்துவார்கள். வெட்டிய இடத்தைச் செல் அவசரமாக ஒட்டும்போது எழுத்துகள் விடுபடும் அல்லது கூடும், மரபணு கெடும். புதிதாக வரும் மாணவர்கள் கைப்பழக்கத்துக்கு இந்தப் பொன்னிற மரபணுவையே வெட்டிப் பார்ப்பார்கள், வெற்றியா தோல்வியா என்று இரண்டே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால்.

அந்தத் தட்டுகளை மறுநாள் சுத்தம் செய்கிறவள் நான். சில கருக்கள் செத்து வெள்ளையாகக் கிடக்கும், குழாயால் உறிஞ்சி எடுத்துப் போடுவேன். சில வளைந்து போயிருக்கும். நன்றாக இருப்பவற்றிலும் பல, இரண்டாம் நாள் பார்த்தால், ஒரு கண் கறுப்பும் ஒரு கண் வெளுப்புமாக, திட்டுத்திட்டாக இருக்கும். எல்லாச் செல்லிலும் வெட்டு ஒரே மாதிரி விழுவதில்லை. 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி மனிதக் கருக்களில் வேறொரு மரபணுவைக் கிரிஸ்பரால் வெட்டி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தபோது உலகமே கொதித்தது ஏன் என்று அந்தத் தட்டைப் பார்த்தால் புரியும். அவருக்குச் சிறையும் கிடைத்தது. மாமனாரிடம் நான் சொன்னது, இந்தக் கருவியை எதற்கு எடுக்கலாம் என்றால் நோய்க்கு எடுக்கலாம். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கிரிஸ்பர் சிகிச்சை, அரிவாள் செல் நோய், பீட்டா தலசீமியா என்ற இரண்டு பரம்பரை ரத்த நோய்களுக்கானது. நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்பச் செலுத்துகிறார்கள். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது மறுபிறவி. நிறம் நோய் இல்லை மாமா, அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்றேன். "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினார்.

போன வாரம் கோடுள்ள இரண்டு மீன்களைச் சேர்த்துவிட்டேன். இரண்டுமே பொன்னிற மீனுக்கும் கோட்டு மீனுக்கும் பிறந்தவை, ஆளுக்கு ஒரு கெட்ட நகல், ஒரு நல்ல நகல். மீனில் ஒரு நல்ல நகல் இருந்தாலே கோடு வந்துவிடும். மூன்றாம் நாள் தட்டைப் படம் எடுத்து வந்து சின்னவளிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். மொத்தம் 83. அதில் வெளிறியவை 19.

"நாலில் ஒண்ணுன்னு சொன்னீங்க, 20, 21 வரணுமே?" என்றாள். காசு சுண்டுவது போல, ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாகச் சுண்டுகிறது, அதனால் முன்னே பின்னே இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"இவங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கோடு இருக்கு. இந்த 19-க்கு மட்டும் இல்லை. இவங்களை யாரும் தவிட்டுக்கு வாங்கலைதானே?"

"இல்லைடா. தட்டை நான்தான் எடுத்தேன், அவங்க முட்டையேதான்."

ஏட்டில் 83, 19 என்று எழுதி அடிக்கோடிட்டாள். நாளைக்கு வேறொரு ஜோடியின் தட்டைப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள், நூறுக்கு மேல் முட்டை இருக்க வேண்டுமாம். கடுகு மஞ்சள் பாவாடையை ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வந்துவிட்டோம்.