சமணர் மலையில் இங்கிலீஷ் வகுப்பு

மதுரைக்குப் பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிற கீழக்குயில்குடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துவிட்டு, அய்யனாரைக் கும்பிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மலையில் ஏறினால்தான் விஷயமே இருக்கிறது. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வந்து இடதுபக்கம் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் மலை தெரிந்துவிடும்.

இந்தத் தடவை அக்கா மகளும் வந்தாள். வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற இங்கிலீஷ் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறாள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கவிட்டு, ரெண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். நீங்கள் போய்வந்த ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிற மாதிரி வரும். அதற்காக மொபைலில் விமானம், வெளியூர்ப் பயணம் பற்றிய ஒரு வார்த்தைப் பட்டியல் வைத்திருந்தாள்: வாண்டர்லஸ்ட், ஐட்டினரரி, லேஓவர், ஜெட்லாக். சமணர் மலைக்கு வர ஜெட்லாக் எதற்கு என்று கேட்டேன், முறைத்தாள்.

மலைமேல் சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளத்துக்குப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். ஏற ஏற அவள் ‘ஐ வென்ட் ஃபார் எ டிராவல்’ என்று ஆரம்பித்தாள். நம்மூரில் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறோம், ஆனால் டிராவலை ஒன்று ரெண்டு என்று எண்ண முடியாது. போய்த் திரும்பினால் அது ட்ரிப், போகிற வழிதான் ஜர்னி, வாயேஜ் என்றால் கடல், இல்லாவிட்டால் விண்வெளி. அரை நாளில் ஏறி இறங்குவதை நாம் ட்ரெக்கிங் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், இங்கிலீஷ்காரனுக்கு அது ஹைக்தான், பல நாள் நடந்தால்தான் ட்ரெக். டிராவல் என்ற சொல்லே பாடுபடுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றேன். மேல்மூச்சு வாங்க, ‘அது கரெக்ட்டுதான் மாமா’ என்றாள்.

மேலே சுனை, அதை ஒட்டி ஒரே வரிசையில் எட்டுச் சமணத் திருமேனிகள். 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. சமணத் துறவி பாகுபலியின் கால்களில் கொடி சுற்றியிருக்கிறது, சமண குரு பார்சுவநாதர் தலைக்குமேல் பாம்பு படமெடுத்து நிற்கிறது. கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள், அதில் அச்சணந்தி என்கிற சமணத் துறவியின் தாயார் குணமதியார் பெயரும் உண்டு. இவள் ஸ்டேச்சூ என்றாள். தனியாக நின்றால் ஸ்டேச்சூ, பாறையோடு ஒட்டிப் புடைத்து நிற்பது ரிலீஃப். அப்புறம் டிஸ்கவர் என்று ஒரு வாக்கியம் போட்டாள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஆண்டாண்டு காலமாக ஆடு மேய்த்த மலையை யார் புதிதாகக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ப்ளோர் என்று சொல்லிக்கொள், சுற்றிப் பார்த்தோம் என்று அடக்கமாக இருக்கும்.

இறங்கி வந்து மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்பொடவு என்கிற குகைக்குப் போனோம். குகைக்கு வெளியே பெரிய மகாவீரர், அவரைச் செட்டியார் என்று நினைத்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள், உள்ளே குனிந்து நுழைந்து தலைக்குமேல் பார்க்க வேண்டும். சிங்கத்தின்மேல் ஒரு பெண், எதிரே யானைமேல் ஒருவன், ரெண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். சிற்பம் சின்னதுதான், ஆனால் சிங்கம் பாய்கிற வேகம் அப்படியே இருக்கிறது. அங்கே நின்று அவள் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். ஷி இஸ் சிட்டிங், ஹி இஸ் ஹோல்டிங், பிஹைண்ட், அபவ் என்று எல்லாம் பள்ளிக்கூட வார்த்தைகள், பட்டியலில் இருந்து ஒன்றுகூட வரவில்லை. நன்றாகவே இருந்தது.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பத்து மணிக்குமேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள், மேலே எதுவும் கிடைக்காது.

‘ஏர்போர்ட் பத்தி அட்டை வந்தா என்ன பண்றது மாமா?’

‘அதுக்கு அவனியாபுரம் பக்கம் போவோம். முதல்ல டீயைக் குடி.’