ஒரு செகண்டின் சத்தம்

கேமராவைப் பையிலிருந்து எடுக்கும்போதே கேட்டுவிடுவார்கள்: “அங்கிள், இது இன்னும் ஓடுமா?” தாத்தாவின் பீரோவில் கிடந்தது, மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் வாங்கியது, எங்கிருந்தோ கூரியரில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கதையைக் கேட்டுக்கொண்டே ஷட்டர், அதாவது ரோலின் மேல் வெளிச்சம் விழத் திறந்து மூடும் கதவு, அதன் வேகத்தை ஒரு செகண்டில் வைத்து, லீவரை இழுத்து, கேமராவைக் காதோரம் வைத்து அமுக்குவேன். கர்ர்ர் என்று சின்னதாக ஒரு பல்சக்கர ஓட்டம் கேட்டு, டக்கென்று முடிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. நடுவில் திணறி நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு டீ சொல்வேன்.

1987இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தபோது எனக்கு 17 வயது. சித்தப்பா யாரையோ பிடித்து, மும்பை ஃபோர்ட்டில் ஒரு கேமரா ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டார். கடை ஒரு பார்சிக்காரருடையது. வேலை சொல்லித்தந்தது எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் செய்த ‘இந்து’ ஃபிலிம் ரோலின் காலி அட்டைப்பெட்டிகளில்தான் அவர் திருகாணிகளைப் பிரித்து வைத்திருப்பார். 1960இல் தொடங்கிய அரசாங்கக் கம்பெனி அது. “நம்ம ஊர் ரோலு” என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

முதல் ஆறு மாசம் கேமராவைத் தொடவிடவில்லை. திருப்புளி பிடிக்க மட்டும் கற்றேன். ஜப்பான் கேமராக்களில் திருகாணித் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நம் ஹார்டுவேர் கடை பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. ஜப்பான்காரர்களுக்கு ஜேஐஎஸ் என்று தனி அளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கி, திருகாணியின் தலையைத் தின்றுவிடும். அண்ணாச்சி தன் திருப்புளிகளின் முனைகளைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்து வைத்திருந்தார். நான் ஒரு திருகாணியைக் கெடுத்த அன்றைக்கு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏல, தலைய தின்னுட்டன்னா அடுத்தவன் எப்பிடில தொறப்பான்?”

அடுத்தவன் என்று அவர் சொன்னது யாரை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடையில் பழைய கருப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் ஷட்டர் டெஸ்டர். அந்தக் காலத்து டிவியில் படம் மொத்தமாகத் தெரிவதில்லை. ஒரு ஒளிப்புள்ளி மேலிருந்து கீழே கோடுகோடாக வரைந்துகொண்டே வரும், செகண்டுக்கு 50 தடவை. கேமராவின் லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, கண்ணருகே பிடித்து டிவியைப் பார்த்து அமுக்கினால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் வந்த கோடுகள் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டையாக மின்னி மறையும். ஷட்டர் வேகம் 1/125 செகண்ட் என்றால் பட்டை அகலமாக இருக்கும், 1/500இல் அதில் கால்பங்கு. ஷட்டர் இரண்டு துணித்திரைகளாகப் பக்கவாட்டில் ஓடும் கேமரா என்றால் பட்டை சாய்ந்து தெரியும். சாய்ந்த பட்டை முழுக்க ஒரே அகலமாக இருந்தால் இரண்டு திரையும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒரு பக்கம் குறுகினால் ஸ்பிரிங் முறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். சாயங்காலச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருப்பார். கால் திருப்பு, மறுபடி பார், இன்னும் கால் திருப்பு. கண் தேறினால் போதும், வேறு கருவி வேண்டாம்.

இரண்டாம் வருஷம் ஒரு தப்பு செய்தேன். மாட்டுங்காவில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தன் யாஷிகா மேட் கேமராவைக் கொண்டுவந்தார். ஷட்டர் மந்தமாக இருக்கிறது என்றார். அண்ணாச்சி அன்றைக்கு லீவு. நானே திறந்து, ஷட்டரின் தகட்டு இலைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். சைக்கிள் செயினுக்கு விடுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். கடையில் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் முகூர்த்தத்தில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு ரோலுக்கு 12 படம், மூன்று ரோல் போச்சு. தாலி கட்டும் நேரம் அதில்தான் இருந்தது. அவர் வந்து சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேமராவை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். காகிதத்தைவிட மெல்லிய அந்த இலைகள் எண்ணெயே படாமல் காய்ந்துதான் ஓட வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, துடைத்து, மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் தோன்றும்.

தொண்ணூறுகளில் கடைக்கு மாலை நேரத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் பத்திரிகைக்காரர்கள். தோளில் நிக்கான் எஃப்எம்2 கேமரா, வாயில் ஒரே வாக்கியம்: “காலைல வேணும்.” தொழில்காரர் கேமராவுக்கும் வீட்டுக் கேமராவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அதுதான். நல்ல படம் வருவதற்கு லென்ஸ் இருக்கிறது, எடுப்பவர் கண் இருக்கிறது. தொழில்காரர் கேமரா என்பது இன்றைக்கு ராத்திரி கெட்டாலும் நாளைக்குக் காலையில் தோளில் ஏற வேண்டியது. எஃப்எம்2வை அப்படித்தான் செய்தார்கள். 1982இல் வந்தது. 1/4000 வரை போகும். அந்த வேகத்தில் ஷட்டர் பிளேடுகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு இடுக்குதான் ரோலின் மேல் ஓடிப் போகிறது. அத்தனையும் ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் நடக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டு பொத்தான் பேட்டரி வெளிச்சம் பார்க்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி செத்தாலும் கேமரா சாகாது.

ஒருநாள் லோயர் பரேல் பக்கத்து விளம்பர ஸ்டுடியோ ஒன்றிலிருந்து உதவியாளர் பையன் ஓடிவந்தான். கையில் சுவீடனில் செய்த ஹாசல்பிளாட் 500சி/எம் கேமரா. லென்ஸ் பாடியோடு பூட்டிக்கொண்டது. கழற்றவும் முடியவில்லை, அமுக்கவும் முடியவில்லை. இதை அடிக்கடி பார்ப்போம். அந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. பாடிக்கும் சாவி கொடுத்திருக்க வேண்டும், லென்ஸுக்கும் சாவி கொடுத்திருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாமல் மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அண்ணாச்சி பின்னாலிருந்த ரோல் டப்பாவைக் கழற்றினார். உள்ளிருந்த இரண்டு கதவுகளையும் விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு, முன்பக்க ஓரத்தில் இருந்த அச்சில் வைத்து வலப்பக்கமாகத் திருப்பினார். கிளிக். லென்ஸ் கையோடு வந்துவிட்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. காசு வாங்கவில்லை. பையனை உட்காரவைத்து எந்த வரிசையில் மாட்ட வேண்டும் என்று மூன்று தடவை செய்துகாட்டி அனுப்பினார்.

அவன் போனதும் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்து அந்த அச்சைக் காட்டினார். அதன் முனையில் திருப்புளி வைப்பதற்கென்று அளவாக ஒரு வெட்டு. “யாராவது ஒருநா தப்பா மாட்டுவான்னு சுவீடன்காரனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, கேட்டியா? சரி பண்ணுதவனுக்கு வழி வச்சிட்டுத்தான் போயிருக்கான்.”

திருகாணித் தலையைப் பற்றி அவர் சொன்ன ‘அடுத்தவன்’ எனக்கு அங்கேதான் பிடிபட்டான்.

1969இல் நிலவுக்குப் போனவர்கள் எடை குறைக்க ஹாசல்பிளாட் பாடியை அங்கேயே போட்டுவிட்டு, ரோல் டப்பாவை மட்டும் கொண்டுவந்தார்கள் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது, அப்படிப் பிரித்துப் பிரித்து எடுக்கலாம் என்பதுதான். லென்ஸ் தனி, பாடி தனி, டப்பா தனி, பார்க்கும் கண்ணாடி தனி. ஒன்று கெட்டால் மற்றது கெட வேண்டியதில்லை.

2005 ஜூலை 26 மும்பைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதற்கடுத்த வாரம் கடை முழுக்க நனைந்த கேமராக்கள். பலர் வெயிலில் காயவைத்து எடுத்துவந்தார்கள், அதுதான் பெரிய கேடு. சாக்கடைத் தண்ணீர் பட்ட இரும்பு, காற்றுப் பட்ட உடனே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். குர்லாவில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் மட்டும் அண்ணாச்சியிடம் போனில் கேட்டுவிட்டு, தன் எஃப்எம்2வை ஒரு வாளி நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, வாளியோடு டாக்ஸியில் கொண்டுவந்தார். மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கேமராவை வெளியே எடுத்த நிமிஷத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் மாறிமாறி உட்கார்ந்தோம். சேறு எங்கெல்லாமோ போயிருந்தது. ஒவ்வொரு சக்கரமாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, பிறகு ஸ்பிரிட்டில் கழுவி, ஈர்க்குச்சி முனையில் பஞ்சு சுற்றித் துடைத்து, அச்சுக்கு மட்டும் ஊசி முனையளவு வாட்ச் எண்ணெய். 11 நாள் ஆனது. மீட்டர் பிழைக்கவில்லை. ஷட்டர் பிழைத்தது. ஒரு செகண்டில் வைத்து அமுக்கினபோது அந்தக் கர்ர்ர் சத்தம் வந்ததும் அண்ணாச்சி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதே வாரம் வந்த டிஜிட்டல் கேமராக்களை நாங்கள் திறந்து பார்த்துவிட்டு, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தோம். போர்டு அரித்துவிட்டால் எங்கள் கையில் ஒன்றுமில்லை.

அப்புறம் சில வருஷம் வேலையே இல்லை. பத்திரிகைகள் மாறின, கல்யாணக்காரர்கள் மாறினார்கள், கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்றார்கள். அண்ணாச்சி 2009இல் ஊருக்குப் போய்விட்டார். நான் வேறொரு கடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு, புரொஜெக்டர், பைனாகுலர் என்று கிடைத்ததைப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இப்போது காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். எஃப்எம்2 உருவத்திலேயே 2023இல் நிக்கான் ஒரு டிஜிட்டல் கேமரா போட்டது. லைக்கா எம்6 என்ற பழைய ரோல் கேமராவை 2022இல் மறுபடி செய்யத் தொடங்கினார்கள். ரோல் விலை ஏறிக் கிடக்கிறது, ஆனாலும் பிள்ளைகள் சேர்த்துவைத்து வாங்குகிறார்கள். நிறம் அழகு, படத்தில் தெரியும் மணிமணியான பொடி அழகு என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேல்மூடியைக் கழற்றி அவர்களுக்கு உள்ளே காட்டும்போது அவர்கள் முகம் வேறு மாதிரி ஆகிறது. லீவரை இழுத்தால் எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது, எந்த ஸ்பிரிங் எங்கே காத்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். தன் கையிலிருக்கும் பொருள் எப்படி ஓடுகிறது என்று அதற்கு முன் அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. போன வருஷம் வந்த ஒரு பெண், வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டிய நுரை ரப்பர் உருகித் தாரைப்போல ஒட்டிக்கிடந்த பின்மூடியைத் தானே சுத்தம் செய்கிறேன் என்று ஒரு மத்தியானம் முழுக்க என் மேஜையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் சுரண்டினாள்.

2019இல் ஒரு எஃப்எம்2 வந்தது. சோர் பஜார் சரக்கு, யாருடையது என்று தெரியாது. அடிமூடியைக் கழற்றினேன். உள்பக்கம் ஊசியால் கீறி எழுதியிருந்தது: 12-3-91. பக்கத்தில் அண்ணாச்சி போடும் சின்னப் பிள்ளையார் சுழி. அவர் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. திருகாணிகளைப் பார்த்தேன். 28 வருஷம் கழித்து, ஒன்றின் தலைகூடச் சிதையாமல் இருந்தது. என் திருப்புளி அப்படியே இறங்கி உட்கார்ந்தது.

எல்லாக் கேமராவும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நிக்கான் எஃப்3 மேல் எனக்கு ரொம்பப் பிரியம். 1980இல் வந்தது, இத்தாலிக்காரர் ஜியுஜாரோ வடிவமைத்தது, கைப்பிடி ஓரத்தில் அந்தச் சிவப்புக் கோடு. 2001 வரை செய்தார்கள். லீவரை இழுத்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கும். ஆனால் அதன் ஷட்டர் நேரத்தைக் கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் சர்க்யூட். பேட்டரி இல்லாவிட்டால் 1/60 ஒன்றுதான் கிடைக்கும். சர்க்யூட் போனால் புதுசு கிடையாது. செத்த இன்னொரு எஃப்3இலிருந்துதான் எடுக்க வேண்டும். யார் எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும் என்று கவலையாகத்தான் இருக்கிறது.

இப்போதும் அப்படி ஒரு எஃப்3 என் மேஜையில் கிடக்கிறது. செம்பூரில் இருக்கும் ரிட்டயர்டான பத்திரிகைப் போட்டோகிராபருடையது. 70 வயது தாண்டியவர், நம்மவர். திங்கட்கிழமை தோறும் போன் செய்வார். “என்ன தம்பி, எந்திரிச்சானா?” “இன்னும் இல்ல சார், கொஞ்சம் பொறுங்க.” கொல்கத்தாவிலிருந்து பிரிசம், அதாவது மேலே இருக்கும் பார்க்கும் கண்ணாடி, உடைந்த ஒரு எஃப்3 பார்சலில் வந்துகொண்டிருக்கிறது. அதன் சர்க்யூட் உயிரோடு இருந்தால் இதில் மாற்றிவிடலாம். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசைப்படி ஒரு அட்டையில் குத்தி, எது எங்கே என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.