தொட்டுப் பார்த்தவரின் ஊரில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 18 அன்று பரங்கிமலை ஏறுவது எங்கள் வீட்டு வழக்கம். பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கே சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், பிறகு தாம்பரம் வண்டி. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் கல்கல் பலகாரம் உருட்டுகிற வேலை தலைக்கு மேல் கிடக்கும். அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு அம்மா கிளம்பிவிடுவாள். போன வருடம் போகவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். இந்த வருடம் நானும் அம்மாவும் மட்டும்.

ஏன் 18-ம் தேதி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மலை உச்சியில் இருக்கும் கோவில் எதிர்பார்ப்பின் மாதா பெயரில் கட்டப்பட்டது. வயிற்றில் பிள்ளையோடு நாளை எண்ணிக்கொண்டிருக்கிற தாய். அவளுடைய திருநாள் கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் வருகிறது. அம்மா அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டாள், "நிறைமாச மாதா" என்பாள். "நிறைமாசமா இருக்கிறவளத் தனியா விடக்கூடாதுடா, போய்ப் பாத்துட்டு வரணும்." எனக்குக் கிடைத்த முதல் மறைக்கல்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

மலைக்கு வண்டி போகிற சாலை இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் மேலேயே போய் இறங்கலாம். அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "ஆட்டோலயே போயிடலாம்மா" என்றேன். "உங்கப்பா ஒருநாளும் ஆட்டோல போனதில்ல" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

அடிவாரத்தில் நான்கு வளைவுகள் கொண்ட பழைய வாயில் நிற்கிறது. மேலே சிலுவை, அதில் 1547 என்ற ஆண்டு. அங்கிருந்து படிகள். வழி நெடுக சிலுவைப்பாதையின் 14 நிலைகள். பிறக்கப்போகிற குழந்தையை நினைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள், அந்தக் குழந்தை பிற்பாடு படப்போகிற பாடுகளை ஒவ்வொன்றாகக் கடந்துதான் மேலே போக வேண்டும். முன்பெல்லாம் இது எனக்கு உறுத்தும். கிறிஸ்துமஸ் நேரத்தில் எதற்குச் சிலுவைப்பாதை என்று தோன்றும். இந்த முறை உறுத்தவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். நான்கைந்து படிக்கு ஒருமுறை நின்றாள். அப்படி நின்ற நேரத்தில் இந்தப் படிகளைக் கட்டியவரைப் பற்றி அவளிடம் சொன்னேன். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். 1726-ல் கட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கப் பாலம் போட்டதும் அவர்தான். ஆற்றில் இறங்கி, பிறகு மலையில் ஏறி, மக்கள் படுகிற சிரமத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு ஆன்மிகக் காரியத்துக்குக் காசு கொடுக்க நினைத்தவர், கால்களுக்கு வழி செய்து கொடுத்திருக்கிறார். "நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட 300 வருடத்துக்கு முந்தைய மனிதருக்கு மூச்சு வாங்கிக்கொண்டே ஆசீர்வாதம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. கோவில் சிறியது. தரையில் அர்மீனியர்களின் கல்லறைக் கற்கள். பீடத்தில் அந்தக் கற்சிலுவை, அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்துப் பகலவி எழுத்துகள். போர்ச்சுகீசியர்கள் இங்கே தோண்டியபோது கிடைத்தது. 1558-ம் ஆண்டு இதே டிசம்பர் 18 அன்று, திருப்பலி நடக்கும்போது இந்தச் சிலுவையில் ரத்தம் வேர்த்தது என்பது இந்த மலையின் நம்பிக்கை. கடைசியாக 1704-ல் வேர்த்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்தவனில்லை. ஆனால் சொன்னவர்கள் பயன்படுத்திய சொல்லைக் கவனித்திருக்கிறேன். கல்கூட வேர்க்கிறது, கசிகிறது. இங்கே எல்லாமே உடம்பாகத்தான் பேசுகிறது. இயேசுவின் சீடர் தோமையார் கொண்டுவந்தது என்று மரபு சொல்லும் மாதா படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது, கையில் குழந்தையோடு. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானச் சத்தம் மட்டும் வந்து வந்து போனது.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் கடைசி எட்டு மாதமும் அவரைக் குளிப்பாட்டியது நான்தான். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. என்னைத் தூக்கிக்கொண்டு இந்தப் படிகளில் ஏறிய மனிதர், ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தால் தானாகத் திரும்ப முடியாமல் கிடந்தார். அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து அடியில் மடித்துப் போடுவாள். நனைந்ததை எடுத்துவிட்டு உலர்ந்ததைச் சுற்றுவோம். இரவில் அவர் கால் ஜில்லென்று ஆகிவிடும். அம்மா தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, பாதத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள், அவர் தூங்கும்வரை.

அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. உடம்பு என்பது இவ்வளவுதானா, ஆன்மா ஒன்றுதான் பெரிது என்றால் இந்த உடம்பை எதற்காக இப்படிப் போட்டு வதைக்க வேண்டும் என்றெல்லாம் மனசு கேட்டது. அப்படி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து இரவு ஒன்றில், லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்கு வானதூதர் சொன்ன அடையாளம் ஞாபகத்துக்கு வந்தது. மீட்பர் பிறந்திருக்கிறார், எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளிவட்டத்தை வைத்து என்று சொல்லவில்லை. குழந்தையைத் துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியிருப்பார்கள், அதுவே அடையாளம். துணி. என் கையில் அப்போது கிழித்த வேட்டித் துண்டு இருந்தது. நான் ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தானாகத் திரும்பிப் படுக்க முடியாத நிலைக்குக் கடவுள் வந்தார். யாராவது துணி மாற்றினால்தான் உண்டு. கிறிஸ்துமஸ் சொல்வது இதைத்தான். இவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்பதை ஆரம்பத்தில் சிலரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இயேசுவுக்கு இருந்தது உண்மையான உடம்பு இல்லை, உடம்பு மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான் என்றார்கள். கடவுளின் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். திருச்சபை அதை ஏற்கவில்லை. யோவான் தன் முதல் கடிதத்தைத் தொடங்கும்போதே, கேட்டோம், கண்ணால் கண்டோம், கையால் தொட்டோம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். மகன் தந்தைக்குக் குறைந்தவர், படைக்கப்பட்டவர் என்று ஆரியு சொன்னபோது 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி மறுத்தார்கள். 451-ல் ஆயர்களின் இன்னொரு கூட்டமான கல்செதோன் சங்கம் முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டும் ஒருவரிலே என்று வரையறுத்தது. சங்கங்களின் பெயரெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எதற்காக அவ்வளவு வாதாடினார்கள் என்பது எனக்கு அப்பாவின் கட்டிலருகில்தான் புரிந்தது. நான்காம் நூற்றாண்டில் நாசியான்சு ஊர் கிரகோரியார் சொன்ன கருத்து ஒன்று உண்டு: அவர் தமதாக எடுத்துக்கொள்ளாதது எதுவோ அது குணமாகாமலே இருந்துவிடும். அப்படியென்றால் அவர் எடுத்துக்கொண்டவை என்னென்ன? சமாரியாவின் கிணற்றடியில் களைப்பு. படகில் தலையணையில் அசந்த தூக்கம். லாசரின் கல்லறையருகே கண்ணீர். நாசரேத்தில் தச்சுப்பட்டறையின் கைக்காய்ப்பு. அப்பாவின் ஜில்லிட்ட காலும் அதில் சேர்ந்ததுதான்.

நம் ஊரில் இதை அவதாரம் என்றே பலரும் சொல்கிறோம், பழைய கிறிஸ்தவத் தமிழிலும் அந்தச் சொல் உண்டு. இறங்கி வருதல் என்ற பொருளில் அது அழகான சொல்தான். ஆனாலும் இப்போது புழங்கும் மனுவுருவாதல் என்ற சொல்லே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. ஒரு காரியத்துக்காக எடுத்து, காரியம் முடிந்ததும் விட்டுவிட்ட உருவம் இல்லை அது. உயிர்த்த பிறகும் அவர் அந்த உடம்போடுதான் வந்தார். சீடர்கள் கொடுத்த வேகவைத்த மீனை வாங்கி அவர்கள் முன்னால் சாப்பிட்டார். ஆணி அடித்த தழும்பை மறைக்கவில்லை.

அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர்தான் நம் ஊருக்கு வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பன்னிரண்டு பேரில் வேறு யாராவது வந்திருக்கலாம். தோமையார் கி.பி. 52-ல் இந்தியா வந்து, 72-ல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. அவரைச் சந்தேகக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பில்லாத கடவுள் எனக்கு வேண்டாம் என்றுதானே அவர் சொன்னார்? விரலை இங்கே இடு என்று ஆண்டவர் அழைத்தார். தோமையார் தொட்டாரா என்று நற்செய்தி எழுதவில்லை. "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்ற வார்த்தையை மட்டும் எழுதியிருக்கிறது.

இறங்கும்போது அம்மா ஆட்டோவுக்கு ஒப்புக்கொண்டாள்.

21-ம் தேதி சாந்தோம் போனோம். தோமையாரின் திருநாள் இப்போது ஜூலை 3. 1969-ல் நாட்காட்டியை மாற்றும்வரை டிசம்பர் 21-ல்தான் இருந்தது, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால். அம்மாவுக்கு இன்றைக்கும் அதுதான் தோமையார் நாள். மேலே 1896-ல் எழுப்பிய வெள்ளைக் கோபுரத்துப் பேராலயம். ஆனால் எங்களுக்கு வேண்டியது கீழே இருக்கிற, தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம். பேராலயத்துக்குள் போகாமல் தனி வழியாகவே அங்கே இறங்கலாம். பீடத்தின் அடியில் படுத்த நிலையில் தோமையார் சிலை. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாந்தோமுக்கு வந்தபோது அம்மாவும் அப்பாவும் கூட்டத்தில் நின்றிருக்கிறார்கள். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாராம் அப்பா.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, திருப்பயணிகள் தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். படித்தபோது வெறும் தகவலாக இருந்தது. கீழே முழங்கால் போட்டிருந்தபோது அந்த மண்ணை மடியில் முடிந்துகொண்டு போன யாரோ ஒரு மகனை நினைத்தேன். வீட்டில் அவனுக்கும் ஒருவர் கட்டிலில் கிடந்திருப்பார்.

24-ம் தேதி இரவு எங்கள் பங்குக் கோவிலில் நள்ளிரவுத் திருப்பலி. குடிலை இளைஞர்கள் வைக்கோலும் மூங்கிலும் வைத்துக் கட்டியிருந்தார்கள். 1223-ல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி இதே இரவைக் கொண்டாடினார். பெத்லகேமில் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எங்கள் குடிலில் பக்கத்துத் தெருவின் ஆட்டுக்குட்டி ஒன்று கட்டியிருந்தது. பாட்டுக்கு நடுவில் அதுவும் கத்தியது.

நம்பிக்கை அறிக்கை வந்தது. மற்ற நாட்களில், அவர் உடலெடுத்து மனிதரானார் என்கிற இடத்தில் தலை வணங்குவோம். கிறிஸ்து பிறப்பு அன்றும், மரியாள் கருத்தரிக்கும் செய்தியை வானதூதர் சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 அன்றும் மட்டும் அந்த வரிக்கு முழங்கால் போட வேண்டும். வருடத்தில் இரண்டே நாள், நடுவில் ஒன்பது மாதம், ஒரு பிள்ளையைச் சுமக்கிற கணக்கு. அம்மாவைப் பார்த்து, "நீ உட்காந்துக்கோம்மா" என்றேன். அவள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றிவிட்டாள். எலும்பு சொடுக்கியது எனக்குக் கேட்டது.

முடிந்ததும் குழந்தை இயேசுவின் பாதத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசை. ஃபாதர் சுரூபத்தை ஏந்தி நின்றார், பக்கத்தில் பீடச் சிறுவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்தது. அம்மா குனிந்து முத்தி செய்தாள். நிமிர்ந்தவள் நகரவில்லை. அந்தச் சின்னப் பாதத்தைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசை நெருக்கியது. ஃபாதர் அவசரப்படுத்தவில்லை. சுரூபத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் தாழ்த்திக் கொடுத்தார்.