ஊதாத் தவளையின் உறவினர்கள்

இடுக்கி மலைப்பகுதியில் கண்டறியப்பட்டு, 2003இல் இந்தியத் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவரும் புதிய இனமாக விவரித்த ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காகப் பருவமழைத் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டுமே வெளியே வருகிறது. பருத்த உடலையும் கூரிய மூக்கையும் பார்த்தால், மண் தோண்டி வாழும் வேறு தவளைகளோடு இதைச் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் ஒரே வகை வாழ்க்கை, தொடர்பற்ற உயிர்களுக்கும் ஒத்த உருவத்தைத் தந்துவிடக்கூடும்.

டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு வரைந்த பரிணாம மரத்தில் இதற்கு மிக நெருங்கிய கிளையாக அமைந்தவை, சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் மிகச் சிறிய தவளைகள். உப்புநீர் பெரும்பாலான தவளைகளுக்கு ஒவ்வாது; ஆகவே இவை கடலைக் கடந்து பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் சீஷெல்சும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். இவ்விரு கிளைகளும் பிரிந்த காலம் அதற்கும் முந்தையது. (மரத்தில் நுனிகள் அருகருகே இருப்பது உறவைக் காட்டாது, கிளைகள் எந்தக் கணுவில் சேர்கின்றன என்பதே காட்டும்.)

இதனை, பழங்காலம் முதல் மாறாமல் இருக்கும் உயிர் என்ற பொருளில், "உயிருள்ள புதைபடிவம்" என்று செய்திகள் எழுதுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகளும் கடந்து வந்த காலம் ஒன்றேதான்.